ரேணிகுண்டா, வெளியே நாற்பத்தொன்று

மே மாதம். பகல் ஒன்றே முக்கால்.
ஓடுதளத்தின் கடைக்கோடியில் கானல்
ஈர வேட்டி உதறுவதுபோல் அசைகிறது.
வெப்பம் நாற்பத்தொன்று.
ஐம்பத்தாறு என்று தட்டுகிறேன்.

கணினி நம்பிவிடுகிறது.
அந்த அனலில் இவ்வளவுதான் மூச்சு என்று
இரண்டு இன்ஜினுக்கும் அளந்து வைக்கிறது.

நூற்று முப்பத்தெட்டுப் பேர்.
பாதிப்பேர் மொட்டை. தலைச் சந்தனம் காய்ந்து
இருக்கைத் துணியில் உதிர்கிறது.
மேலே பெட்டிகளுக்கு நடுவில் லட்டு நெய் விடுகிறது.
இந்த எடைக்கு இந்தத் தளம் தாராளம்.
தாராளம் இருக்கும்போது
எதற்கு இரும்பை வறுக்க வேண்டும்?

இதற்கு எங்கள் பாஷையில் ஃப்ளெக்ஸ் என்று பெயர்.
நகரியில் அக்காவிடம் சொன்னபோது
"யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.
அங்கே ஃப்ளெக்ஸ் என்றால் பேனர்.
பஸ் ஸ்டாண்டு முக்கில்
தெலுங்கில் பெயர், தமிழில் வாழ்த்து,
வார்டு மெம்பரின் மீசை மட்டும் ஆறடி.
அது இருப்பதைப் பெருக்கிக் காட்டும்.
இது இருப்பதில் கொஞ்சம் கேட்கும்.
சொல்லிப் பார்த்தேன்.
"சரி, சாப்பிட்டியா?" என்றாள்.

காப்டன் துளசிராம் லீவரைத் தள்ளுகிறார்.
முழு விசைக்கு இன்னும் ஒரு பள்ளம் முன்னால் இருக்கிறது,
கை போகாத இடத்தில், கைக்கு எட்டி.
"நூறு" என்கிறேன்.
தளம் நிதானமாகத் தீர்கிறது.
புல், தீயணைப்பு வண்டி, வேலி,
வேலிக்கு அப்பால் எருமை மேய்ப்பவன் ஒருவன்
அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

ஜங்ஷன் தண்டவாளங்கள் சீப்பின் பற்களாகின்றன.
சொர்ணமுகி முழுக்க மணல்.
மலை எங்களைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்கிறது.

ஆயிரத்தைந்நூறு அடி.
லீவர் ஒரு பள்ளம் பின்னால்.
சத்தம் இறங்குகிறது.

திரும்பிப் பார்க்காமலே தெரியும்:
இப்போது கேபினில் எல்லாப் பேச்சும் நிற்கும்.
வயிறு ஒரு விரற்கடை கீழே போகும்.
யாரோ கோவிந்தா என்பார்கள்.

போன மாதம் ஹைதராபாத்தில் இறங்கும்போது
பதினான்கு சி-யில் வந்த புத்தூர்க்காரர்,
முழங்கையில் ஊர்க் கட்டு,
மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் காய்ந்த வாசனை,
கதவருகே என்னை நிறுத்தினார்.
"ஏம்மா, மேல போனதும் அணைச்சிட்டீங்களே,
டீசல் மிச்சம் பிடிக்கவா?"
"எண்ணெய் இல்ல சார், ஆயுசு" என்றேன்.
"யாரோடது?"
பின்னால் வரிசை நெருக்கியது.
சிரித்துவைத்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிறகு நவம்பர்.
தளத்தில் தண்ணீர் தேங்கி, விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.
எங்களுக்கு முன்னால் ஏறிய விமானம்
காற்று புரள்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது.
நாற்பது நிமிடம் காத்திருந்தோம்.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
இருபத்துமூன்று என்றால் இருபத்துமூன்று.

துளசிராம் கடைசிப் பள்ளம் வரை தள்ளினார்.
ஐந்து மாதமாக நான் கேட்காத குரல் அது.
இருக்கை முதுகில் கை வைத்துத் தள்ளியது.
இவ்வளவும் உள்ளேயேதான் இருந்திருக்கிறது,
அந்த எல்லா மத்தியானங்களிலும்,
நான் ஐம்பத்தாறு, ஐம்பத்துநான்கு என்று
ஏய்த்துக்கொண்டிருந்தபோதும்.
மழை கண்ணாடியில் விழாமல் படுக்கையாக ஓடியது.
இந்தமுறை தளம் பாதிக்கு மேல் மிஞ்சிக் கிடந்தது.

பின்னாலிருந்து கோவிந்தா கேட்கவில்லை.
ஏதோ ஒரு குழந்தை சத்தம்போட்டுச் சிரித்ததாம்,
பிறகு பணிப்பெண் தஸ்லீமா சொன்னாள்.

இரவு அறையில் அக்காவின் போன்.
"இங்க கொட்டித் தீர்க்குதுடி,
ஷெட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, மோட்டாரெல்லாம் கழட்டிட்டோம்.
நீ ஏறும்போது எப்படி இருந்துச்சு?"

"லேசாத் தூறல்" என்றேன்.